கூத்தாடி ஓடையில் முன்னே போனது யார்?

"தவளையைக் காட்டுங்க, சுவரை நிறுத்திருதோம். காட்ட முடியலன்னா பேசாம வீட்டுக்குப் போங்க!"

கூட்டத்துக்குத் தலைமை தாங்கிய அதிகாரி இப்படிச் சொன்னதும் அரங்கமே சிரித்தது. சிரிக்காத ஒரே ஆள் இசக்கியம்மாள். அந்தத் தவளையைப் பார்த்தவள் அவள். அவள் ஒருத்தி மட்டும்தான் பார்த்திருந்தாள், அதுதான் வினை!

விஷயம் இதுதான். மலை உச்சியிலிருந்து இறங்கி வரும் கூத்தாடி ஓடையை மறித்து ஒரு தடுப்புச் சுவர் கட்டி, அத்தனை தண்ணீரையும் குழாயில் இழுத்துக்கொண்டு போக மேலே உள்ள ஒரு சொகுசு விடுதி மனுப் போட்டிருந்தது. சுவர் எழும்பினால் அதற்குக் கீழே ஓடை இருக்காது, வெறும் பாறைதான் இருக்கும். அந்த ஓடையில்தான் போன வருஷம் இசக்கி அதைப் பார்த்தாள். கட்டைவிரல் நுனி அளவு தவளை. ஈரப் பாறையில் ராஜா மாதிரி உட்கார்ந்து, பின்னங்கால் ஒன்றை நீளமாக நீட்டி, விரல்களுக்கு நடுவே இருக்கும் வெள்ளைச் சவ்வை விரித்து ஆட்டியது. அருவி இரைச்சலில் கத்தினால் யாருக்குக் கேட்கும்? அதனால் காலை ஆட்டியே மற்ற தவளைகளிடம் "இது என் பாறை, கிட்ட வராதே" என்று மிரட்டுகிறது! தவளைகளைப் பற்றியே படித்துக்கொண்டிருந்த இசக்கிக்கு இது வேறெங்கும் இல்லாத இனம் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

அவசரத்தில் கைபேசியில் எடுத்த படமோ கலங்கிப் போயிருந்தது. "இது தவளையா, கருப்பட்டித் துண்டா?" என்று கூட்டத்தில் விடுதிக்காரர் கேட்டார். அதற்குத்தான் அந்தச் சிரிப்பு.

"அடுத்த கூட்டத்துக்குள்ள அசையிற படமா கொண்டாரேன்" என்றாள் இசக்கி.

கார்த்திகை மாதத்தின் ஒரு காலையில் ஜீப் மலையேறியது. உள்ளே நான்கு பேர். இசக்கி. அவளோடு படித்த ஆசீர், படம் பிடிப்பவன். காமிராவைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்திருப்பான், உலகத்தில் யாரையும் நம்ப மாட்டான். சொந்த நிழலிடமே "நீ யாருல?" என்று கேட்கிற ஆள்! மூன்றாவது சொரிமுத்து அண்ணாச்சி, வனத்துறைக் காவலர். அவர் கூட வந்தால்தான் காட்டுக்குள் போக அனுமதி. நான்காவது ஆள் நயினார், சுமை தூக்குபவர். வழக்கமாக வருகிறவருக்குக் காய்ச்சல் என்று கடைசி நேரத்தில் ஏற்றிக்கொண்ட ஆள். கறுப்பு வேட்டி, கழுத்தில் துளசி மாலை, வெறுங்கால். ஐயப்பனுக்கு மாலை போட்டிருந்தார். மாலை போட்டவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாதே! அதனால் எல்லாரும் அவரை "சாமி" என்றே அழைத்தார்கள்.

ஜீப் பாதை முடிகிற இடத்தில், ஓடைக் கரையிலேயே ஒரு காவல் கொட்டகை இருந்தது. அதுதான் தங்குமிடம். நயினார் மூட்டைகளை இறக்கப் போன நேரம் பார்த்து அண்ணாச்சி மற்ற இருவரையும் கொட்டகைக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார்.

"எம்மா இசக்கி, சத்தம் போடாம கேளு. இந்தச் சாமியை எனக்குத் தெரியும். போன வருஷம் அந்த விடுதிக்காரங்க ஜீப்பை ஓட்டினவன். என் ரெண்டு கண்ணால பாத்தேன்!"

"ஐயோ! பெறவு ஏன் அண்ணாச்சி ஏத்தினிய?" என்று பதறினாள் இசக்கி.

"வண்டியில ஏறி உக்காந்த பெறவுதான் மூஞ்சியைச் சரியாப் பாத்தேன். தாடியும் மாலையுமா அடையாளமே தெரியல. இனிமே என்ன செய்ய? தவளைங்கிற வார்த்தை அவன் காதுல விழக் கூடாது. மூலிகை தேடி வந்திருக்கோம்னு சொல்லி வச்சிருக்கேன். நீங்களும் அதையே சொல்லுங்க."

"மாலையே வேஷமா இருக்கும்" என்றான் ஆசீர் உடனே.

"சீ, அப்படிச் சொல்லாத" என்றாள் இசக்கி. ஆனால் சந்தேகம் அவளுக்கும் வந்துவிட்டது.

மழை ஏமாற்றிய வருஷம் அது. பொசுபொசுவென்று தூறல் மட்டும் விடாமல் இருந்தது. ஓடைக்கு அது போதவில்லை; கொட்டகைக்கு மேலே பாறைச் சுவரிலிருந்து விழுகிற அருவி மட்டும் இரைந்தது, கீழே குட்டைக்கும் குட்டைக்கும் நடுவே தண்ணீர் மெலிந்து ஓடியது. ஆனால் அட்டைகளுக்கு அந்தத் தூறல் தாராளமாகப் போதும்! கொட்டகை வாசலில் நின்ற நேரத்துக்குள் ஆசீரின் காலில் அட்டைகள் வரிசையாக ஏறிவிட்டன. "யம்மா! யம்மா!" என்று அவன் குதித்த குதியில் மலையே சிரித்திருக்கும்.

அண்ணாச்சி அதற்கெல்லாம் அசரவில்லை. பெரிய அலுமினியப் பானையில் புகையிலையைக் கட்டுக் கட்டாகப் போட்டு, உப்பும் சோப்புத் தூளும் சேர்த்து ஊறவைத்தார். முழங்கால் வரை வரும் துணி உறைகளை அதில் முக்கிக் காலையில் மாட்டிக்கொண்டால் ஓர் அட்டை கிட்டே வராது. வந்தாலும் சுருண்டு விழுந்து செத்துவிடும். அந்த மலையில் எல்லா வனக்காவலர்களும் செய்வது அதுதான். மிச்சக் கரைசலைக் காலையில் ஓடையில் கொட்டிப் பானையை அலசி வைப்பார். சாயங்காலம் எல்லாரும் உறைகளை ஓடையில் அலசிப் பிழிவார்கள். ராத்திரிக்குப் புதுப் புகையிலை ஊறும். சுத்தமான வேலை!

"சாமி, உங்களுக்கு ஒரு ஜோடி?" என்று நீட்டினார் அண்ணாச்சி.

நயினார் இரண்டடி பின்னால் போனார். "வேண்டாம் சாமி. புகையிலையைத் தொட மாட்டேன்."

"பாத்தியா?" என்று இசக்கியின் காதில் கிசுகிசுத்தான் ஆசீர். "அட்டைக்கே பயப்படாத ஆளு. காட்டுல பழகின கைதான்."

மறுநாள் காலை ஓடையோடு கீழே இறங்கத் தொடங்கினார்கள். மேலே போகவில்லை. "மேலே என்ன இருக்கு? மொட்டைப் பாறையும் அருவியும்தான்" என்று அண்ணாச்சி சொல்லிவிட்டார். இசக்கியும் போன வருஷம் தவளையைப் பார்த்தது கீழேதான், தொட்டில் குட்டை என்ற இடத்தில். அது வெகு தூரம். வழியில் உள்ள குட்டைகளையெல்லாம் பார்த்துக்கொண்டே நாளுக்கு நாள் கீழே போவதுதான் திட்டம்.

முதல் குட்டையிலேயே இசக்கி நின்றுவிட்டாள்.

"அண்ணாச்சி! இங்க பாருங்க!"

தலைப்பிரட்டைகள் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. சின்னச் சின்ன மீன்களும் செத்துக் கிடந்தன. பாறைகளில் ஒரு தவளை இல்லை. குனிந்து ஒரு தலைப்பிரட்டையைக் கையில் எடுத்தாள் இசக்கி. உடம்பு விறைத்துப் போயிருந்தது. அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"யாரோ மருந்து கலக்கியிருக்கான். மீனைக் கொல்லுத இலையே இந்தக் காட்டுல இருக்கு" என்றார் அண்ணாச்சி.

மூன்று பேரும் ஒரே நேரத்தில் திரும்பி நயினாரைப் பார்த்தார்கள். அவர் கொஞ்சம் தள்ளி, ஒரு செடியின் இலையைக் கிள்ளி முகர்ந்துகொண்டிருந்தார். இவர்கள் பார்ப்பதைக் கண்டதும் கையைத் தோள்பைக்குள் விட்டுக்கொண்டார்.

அடுத்த குட்டையும் அப்படித்தான். அதற்கு அடுத்ததில் மட்டும் உயிர் இருந்தது. ஆனால் அங்கே சாதாரணத் தவளைகள்தான், இசக்கியின் தவளை இல்லை. இருட்டுவதற்குள் திரும்பினார்கள். மறுநாள் அதே இடத்துக்கு வந்து பார்த்தால், ஐயோ! நேற்று உயிரோடிருந்த குட்டையும் செத்துக் கிடந்தது!

"நமக்கு முன்னால ஒருத்தன் போறான்" என்றான் ஆசீர் பல்லைக் கடித்துக்கொண்டு. "நாம எங்க போகப் போறோமோ, அங்க மொதல்லயே போய் வேலையை முடிச்சுடுறான். யாருன்னு நான் சொல்லணுமா?"

சொல்ல வேண்டியதே இல்லை. ஏனென்றால் அன்று விடியற்காலை மூன்று பேருமே ஒன்றைப் பார்த்திருந்தார்கள். பனிமூட்டம் கலையும் முன்பே நயினார் எழுந்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எங்கேயோ போனார். வெகு நேரம் கழித்துத் திரும்பியபோது தலை முதல் கால் வரை ஈரம். எங்கே போனார், மேலேயா கீழேயா, பனியில் தெரியவில்லை. கேட்டதற்கு "சாமி சரணம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்பு மூட்டப் போய்விட்டார். அதுவும் தனி அடுப்பு! இவர்கள் பானையில் பொங்கிய சோற்றை அவர் கையால் தொடவில்லை.

"மாலை போட்டவங்க தன் கையால பொங்கித்தான் சாப்பிடுவாங்க ஆசீர்" என்றாள் இசக்கி.

"இருக்கலாம். இல்ல, நம்ம சாப்பாட்டுலயும் எதையோ கலந்திருக்கலாம். அதான் அவரு தொடல!"

இசக்கி கையில் இருந்த சோற்று உருண்டையைத் தட்டிலேயே வைத்துவிட்டாள். சந்தேகம் வந்துவிட்டால் சோறுகூட எதிரிதான்.

அடுத்த நாள் வழுக்குச் சரிவு. ஓடை ஒரு நீளமான பாறையில் வழுக்கி விழுகிற இடம். பக்கவாட்டில் கயிறு கட்டித்தான் இறங்க வேண்டும். அண்ணாச்சி முதலில் இறங்கினார், பிறகு இசக்கி. ஆசீர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பாதி தூரம் வந்திருப்பான். அவனுக்குப் பின்னால் நயினார். திடீரென்று ஆசீரின் பிடரியில் ஒரு கை!

"யாரு!" என்று அலறித் துள்ளினான் ஆசீர். கால் வழுக்கியது. கயிறு கையை விட்டது. சறுக்கிக்கொண்டே போனவன் ஒரு வேரில் மாட்டி நின்றான். முழங்கால் கிழிந்து ரத்தம். இடுப்பில் தொங்கிய சின்னப் பை அறுந்து கீழே குட்டைக்குள் விழுந்தது. அதில்தான் காமிராவின் மாற்று பேட்டரிகள் அத்தனையும் இருந்தன!

நயினார் சரசரவென்று இறங்கி வந்து அவனைத் தூக்கி நிறுத்தினார். "அடடா, பாத்து வரப்படாதா சாமி!"

ஆசீர் அவர் கையைத் தட்டிவிட்டான். அவர் முகம் சுருங்கிப் போயிற்று. குட்டைக்குள் இறங்கி, கழுத்தளவு தண்ணீரில் துழாவிப் பையைத் தேடி எடுத்து வந்தார். பேட்டரிகள் ஊறிச் செத்துப் போயிருந்தன. காமிராவுக்குள் இருந்த ஒரே ஒரு பேட்டரி மட்டும் மிச்சம், அதிலும் பாதி தீர்ந்திருந்தது.

வழுக்குச் சரிவின் கீழ்க் குட்டையிலும் ஒன்றிரண்டு தலைப்பிரட்டைகள் மிதந்தன. அதற்கும் கீழே இன்னும் போகாத இடம் ஒன்றே ஒன்றுதான். தொட்டில் குட்டை.

அன்று சாயங்காலம் கொட்டகைக்குத் திரும்பினார்கள். நயினார் சரண கோஷம் சொல்ல ஒரு மரத்தடிக்குப் போனார். ஆசீர் நொண்டிக்கொண்டே போய் அவர் பையைத் திறந்து பார்த்துவிட்டு வந்தான். முகம் வெளுத்திருந்தது.

"இலை! கட்டுக் கட்டா இலையும் வேரும். காஞ்சது, பச்சையானது, எல்லாம் நாரால கட்டி வச்சிருக்காரு. மீனைக் கொல்லுத இலை இருக்குன்னு நீங்கதானே அண்ணாச்சி சொன்னிய? அதேதான்! சரிவுல என்னைத் தள்ளினதும் அவருதான், இசக்கி. என் கழுத்துல கை வச்சாரு!"

அண்ணாச்சி எழுந்து நின்றார். "இப்பவே போயி, 'சாமி, பையை அவுருங்க'ன்னு கேக்குதேன்."

"வேண்டாம் அண்ணாச்சி" என்றாள் இசக்கி. "கேட்டா மூலிகைன்னு சொல்லிட்டுப் போயிருவாரு. அவரு கலக்குறப்பவே படம் எடுக்கணும். நாளைக்கு விடியக்காலம் அவரு பின்னாலயே நான் போறேன். தவளை கெடைக்காட்டியும் தவளையைக் கொன்னவனையாவது கூட்டத்துல காட்டுதேன்!"

"பேட்டரி கொஞ்சந்தான் இருக்கு" என்றான் ஆசீர்.

"போதும்."

விடிந்தும் விடியாத பனி. நயினார் எழுந்தார், பையை மாட்டினார், கிளம்பினார். காமிராவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இசக்கி பின்னால் போனாள். கொட்டகையைத் தாண்டியதும் அவர் ஓடைக்குள் இறங்கி இடப்பக்கம் திரும்புவார், கீழே போவார் என்றுதான் அவள் எதிர்பார்த்தாள்.

அவர் வலப்பக்கம் திரும்பினார். மேலே ஏறினார்!

இசக்கிக்கு ஒன்றும் புரியவில்லை. கீழே போக வேண்டிய ஆள் எதற்கு மேலே போகிறார்? அங்கே யாரையாவது சந்திக்கிறாரா? விடுதி ஆட்களா? பாசி வழுக்கியது. இரண்டு முறை முழங்காலில் விழுந்தாள். வெறுங்காலில் அவர் மளமளவென்று ஏறிக்கொண்டே போனார். பாறைச் சுவரின் ஓரமாக ஓர் இடுக்கு. அதில் நுழைந்து மறைந்தார்.

இசக்கியும் நுழைந்தாள். அருவி இரைச்சல் காதை அடைத்தது. ஒரு பாறைக்குப் பின்னால் படுத்துக் காமிராவை நீட்டினாள். இயக்கினாள். கண்ணை வைத்துப் பார்த்தாள்.

துண்டைக் கட்டிக்கொண்டு, அருவிக்கடியில் கைகூப்பி நின்று, நயினார் குளித்துக்கொண்டிருந்தார்!

"ஐயோ!" என்று இசக்கி கண்ணை எடுத்தாள். நயினாரும் திரும்பிப் பார்த்துவிட்டார்.

"எம்மா! என்ன இது! குளிக்கிற ஆளைப் படம் எடுக்கிறிய?" இரைச்சலுக்கு மேல் கத்தினார் அவர்.

இசக்கிக்கு வெட்கத்தில் முகம் எரிந்தது. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தாள். திறந்த வாய் அப்படியே நின்றது. அவர் இடுப்புக்குப் பக்கத்தில் இருந்த ஈரப் பாறையில், கட்டைவிரல் நுனி அளவுக்கு ஏதோ ஒன்று. ஒரு கால் நீண்டது. வெள்ளைச் சவ்வு விரிந்தது. ஆடியது!

"சாமி! அசையாதீங்க!"

"என்ன?"

"அசையாதீங்க! கும்பிட்ட கையோட அப்படியே நில்லுங்க!"

நயினார் தலையை மட்டும் திருப்பிப் பக்கத்துப் பாறையைப் பார்த்தார். கண்கள் பிதுங்கின. பாவம், அவருக்குப் பாம்பென்றாலும் பயமில்லை, யானையென்றாலும் பயமில்லை. தவளையென்றால் மட்டும் உடம்பே கூசும்! ஆனாலும் நின்றார். பற்கள் கிட்டித்தன. "சாமி சரணம், ஐயப்ப சரணம்" என்று முணுமுணுத்துக்கொண்டு அந்தக் குளிரில் கல்லாக நின்றார். ஒரு தவளை இல்லை, பல தவளைகள்! இந்தப் பாறையில் ஒன்று காலை ஆட்ட, எதிர்ப் பாறையில் இன்னொன்று பதிலுக்கு ஆட்டியது. இசக்கி அழுதுகொண்டே படம் எடுத்தாள். பேட்டரி தீர்ந்து காமிரா தானாக அணைந்த பிறகுதான் எழுந்தாள்.

நயினார் ஒரே தாவலில் கரைக்கு வந்தார். "அப்பாடா! தெனமும் இதே கூத்துதாம்மா. நான் குளிக்க வந்தா காலைத் தூக்கித் தூக்கிக் காட்டுது. எனக்கே ஒரு மாதிரி இருக்கும்."

"தெனமுமா? பெறவு ஏன் சாமி எங்ககிட்ட சொல்லல?"

"தவளையவா? நீங்க மூலிகைல்ல தேடுறிய!" நயினார் பையைத் திறந்து நாரில் கட்டிய இலைகளை அவள் கையில் வைத்தார். "காட்டுல புதுசா எதைப் பாத்தாலும் உங்களுக்குன்னு பறிச்சு வச்சேன். நீங்க எல்லாரும் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு இருந்திய. சரி, எல்லாத்தையும் சேத்து மொத்தமாக் குடுத்துக்கிடலாம்னு இருந்தேன்."

இசக்கிக்கு அந்த இலைக்கட்டு பாறாங்கல்லாகக் கனத்தது.

"கொட்டகைப் பக்கத்துலயே ஓடை இருக்கே. ஏன் இவ்வளவு தூரம் ஏறி வாறிய?"

"அங்க எப்படிம்மா குளிக்க? பொழுது விடிஞ்சா அண்ணாச்சி பானைப் புகையிலைத் தண்ணியை அதுலதான் கொட்டுதாரு. சாயங்காலம் உறையெல்லாம் அதுலதான் அலசுதிய. மாலை போட்டவன் அந்தத் தண்ணியில முங்கலாமா?"

இசக்கி குனிந்து தண்ணீரைப் பார்த்தாள். தலைப்பிரட்டைகள் துறுதுறுவென்று ஓடின. கூனி இறால்கள் கல்லுக்குக் கல் தாவின. எல்லாம் உயிரோடு. கொட்டகைக்கு மேலே எல்லாம் உயிரோடு இருந்தது. கொட்டகைக்குக் கீழேதான் எல்லாம் செத்துக் கிடந்தது.

முன்னால் போனது யாருமில்லை. தண்ணீர்தான் போனது! அட்டையைச் சுருட்டிக் கொல்கிற புகையிலை, தோலால் மூச்சு விடுகிற தவளையை விட்டுவிடுமா? தவளையைப் பற்றியே படித்த தனக்கு இது தெரியாதா? தெரியும். அப்படியிருந்தும் தினமும் தன் கையாலேயே அந்த உறைகளைப் பிழிந்தாள்.

"நான்தான் கொன்னேன்" என்றாள் இசக்கி.

அடுத்த கணம் அவளுக்கு நேரம் உறைத்தது. பாறை இடுக்குக்கு ஓடினாள். அங்கிருந்து பார்த்தால் கொட்டகை காலடியில் தெரிந்தது. பனி கலைந்துகொண்டிருந்தது. சொரிமுத்து அண்ணாச்சி இரண்டு கைகளாலும் பானையைத் தூக்கிக்கொண்டு ஓடையை நோக்கி நடந்துகொண்டிருந்தார்! தினம் தினம் சாவு கீழே கீழே இறங்கியிருக்கிறது. இன்றைக்குக் கொட்டுவது போய்ச் சேரும் இடம் தொட்டில் குட்டை!

"அண்ணாச்சீ! கொட்டாதீங்க! அண்ணாச்சீ!"

தொண்டை கிழியக் கத்தினாள். அருவி இரைச்சல் அத்தனையையும் விழுங்கிவிட்டது. அவர் திரும்பக்கூட இல்லை. இறங்கி ஓடினால் அதற்குள் பானை கவிழ்ந்துவிடும்.

"காதுல விழாது!" என்றார் நயினார். "காட்டணும்!"

பாறையில் கிடந்த தன் கறுப்பு வேட்டியை அள்ளினார். கட்டியிருந்த துண்டை இறுக்கிக்கொண்டு மிக உயரமான பாறையின் மேல் ஏறினார். இரண்டு கைகளாலும் வேட்டியை விரித்து இடமும் வலமும் வீசினார். இசக்கியும் துப்பட்டாவை அவிழ்த்து வீசினாள். இரண்டு பேரும் பாறைமேல் நின்று பேய் பிடித்தவர்கள் போல ஆடினார்கள்!

கீழே ஆசீர்தான் முதலில் பார்த்தான். அவன் அண்ணாச்சியின் தோளைத் தட்ட, அவர் நிமிர்ந்தார். பானை சாய்ந்து, பழுப்புக் கரைசல் விளிம்பில் கொஞ்சம் வழிந்து பாறையில் இறங்கியது. அண்ணாச்சி பானையைப் பட்டென்று நிமிர்த்தி வைத்துவிட்டு ஒரே ஓட்டமாகக் கொட்டகைக்குள் புகுந்தார். ஆசீர் ஒற்றைக் காலில் நொண்டியடித்து அவருக்கு முன்னால் போய்விட்டான். யானை வருகிறது என்று நினைத்துக்கொண்டார்கள்!

மூச்சு வாங்க இசக்கி வந்து சேர்ந்து, நடந்ததைச் சொல்லி முடித்தபோது யாராலும் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. அண்ணாச்சி பானையைத் தூக்கிக்கொண்டு ஓடையை விட்டு வெகு தூரம் போனார், ஆழமாகக் குழி தோண்டினார், கொட்டி மூடினார். திரும்பி வந்து நயினார் முன்னால் நின்றார்.

"சாமி, நீங்க அந்த விடுதி ஜீப்பை ஓட்டினதைப் பாத்தேன். அதை வச்சு உங்களைத் தப்பா நெனச்சிட்டேன்."

"ஓட்டினேன்தான். வேகமாப் போன்னு வெரட்டினாங்க. ஒரு மிளா மான் குறுக்க வந்து அடிபட்டுச் செத்துப் போச்சு. அன்னைக்கே சாவியைக் கையில குடுத்துட்டு வந்துட்டேன்." நயினார் தலைமுடியைத் துவட்டிக்கொண்டார். "கேட்டிருந்தா சொல்லிருப்பேனே அண்ணாச்சி."

ஆசீர் தலையைச் சொறிந்தான். "அப்ப சரிவுல என் கழுத்துல..."

"இவ்வளவு பெரிய அட்டை! உறை உங்க காலுக்குத்தானே சாமி, கழுத்துக்கு இல்லையே. பிடுங்கலாம்னு கையை நீட்டினேன், நீங்க குதிச்சிட்டிய."

ஆசீர் பிடரியைத் தடவிப் பார்த்தான். அட்டை கடித்த தடம் அங்கேயே இருந்தது. இசக்கி சிரித்தாள், பிறகு அழுதாள். "எங்களை மன்னிச்சிருங்க சாமி" என்று நயினாரின் காலைத் தொடப் போனாள். அவர் பதறி விலகினார்.

அன்று நான்கு பேரும் உறை இல்லாமல் தொட்டில் குட்டைக்கு இறங்கினார்கள். அட்டைகள் திருவிழா கொண்டாடின! ஆனால் அந்தக் குட்டையின் பாறைகளில் தவளைகள் இருந்தன. வெள்ளைப் பாதங்கள் அங்கேயும் இங்கேயும் ஆடின. படம் எடுக்க பேட்டரி இல்லை. நான்கு பேரும் காலில் ரத்தம் வழிய உட்கார்ந்து, கண் நிறையப் பார்த்துவிட்டு வந்தார்கள். நயினார் மட்டும் பத்தடி தள்ளியே உட்கார்ந்திருந்தார்.

அடுத்த கூட்டத்தில் திரை ஒளிர்ந்தது. அருவி இரைச்சல் அரங்கத்தை நிறைத்தது. ஈரப் பாறையில் ஒரு சின்ன உருவம். கால் நீண்டது, வெள்ளைச் சவ்வு விரிந்தது, ஆடியது. எதிர்ப் பாறையில் இன்னொன்று பதில் சொன்னது. ஒருவரும் சிரிக்கவில்லை.

"கருப்பட்டி காலை ஆட்டுது பாருங்க" என்றாள் இசக்கி விடுதிக்காரரைப் பார்த்து. அப்போதுதான் அரங்கம் சிரித்தது.

தலைமை அதிகாரி படத்தை மறுபடியும் போடச் சொன்னார். "ஓரத்துல கைகூப்பி நிக்கிறது யாரு? எதோ முணுமுணுக்கிற சத்தம் கேக்குதே?"

"அவரு பேரு நயினார். அவரைத்தான் நாங்க சந்தேகப்பட்டோம்" என்று இசக்கி எழுந்து நின்றாள். புகையிலைத் தண்ணீரைப் பற்றியும், செத்த குட்டைகளைப் பற்றியும், யார் அதைச் செய்தார்கள் என்பதையும் ஒன்று விடாமல் சொன்னாள். சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அவளுக்குத் தெரியுமே!

சுவர் வேண்டாம் என்று அன்றே முடிவானது. அந்த மலைக் காவல் கொட்டகைகளில் இப்போது யாரும் ஓடையில் புகையிலைப் பானையைக் கொட்டுவதில்லை. அண்ணாச்சி பார்த்தால் தொலைத்துவிடுவார்!

தை பிறந்ததும் செத்துப் போன குட்டைகளில் மறுபடி உயிர் வந்திருக்கிறதா என்று பார்க்க ஜீப் மலையேறத் தயாரானது. சுமை தூக்க வேறு ஆள் வேண்டாம், நயினாரே வரட்டும் என்று மூன்று பேரும் அவர் வீட்டு வாசலில் போய் நின்றார்கள். மாலை கழற்றி, முகம் மழித்து, ஆளே இளமையாக இருந்தார். பையை எடுத்து மாட்டினார். வாசல்வரை வந்தவர், படியில் நின்றுகொண்டார்.

"எல்லாஞ் சரி. இந்தத் தடவை என்ன தேடப் போறோம்னு மொதல்லயே நெசத்தைச் சொல்லிருங்க. அப்பந்தான் வண்டியில ஏறுவேன்."